பாரிசுக்குப் போன அருட்பா
(புதுச்சேரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1838ஆம் ஆண்டு திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறினார்கள். தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கும் அதே திருவந்திபுரம்தான்; இங்கிருந்து கடலூர் வழியாகப் போனால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். அந்தப் பெண்கள் தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம். அழைத்துப் போனவர் தார்திவெல் என்ற நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். பொர்தோ துறைமுகத்தில் இறங்கியவர்கள் ஆகஸ்டில் பாரிசின் வரியெத்தே அரங்கில் சதிராடினார்கள். மன்னர் லூயி பிலிப்பின் முன்னிலையிலும் ஆடினார்கள். கவிஞர் தெயோபில் கோத்தியே அம்மணியைக் கண்டு மயங்கிப் பத்தி பத்தியாக எழுதினார். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியின் உருவத்தைச் சிறு வெண்கலச் சிலையாக வார்த்தார்.

அம்மணியின் முகம் அந்த வெண்கலத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் குழு பாரிசில் பாடிய பாட்டில் ஒரு வரிகூடக் காதுக்குக் கிடைக்க வழியில்லை. ஒலியைப் பிடித்துவைக்கும் கருவி வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன.

74 ஆண்டுகள் கழித்து, 1912இல், தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் பாட்டு பாரிசுக்குப் போனது. இந்த முறை பாடியவர் கப்பல் ஏறவில்லை. அரக்கால் ஆன ஒரு கறுப்புத் தட்டுக்குள் அவருடைய குரல் மட்டும் பயணம் செய்தது. பாடியவர் கோயம்புத்தூர் தாயி. அந்தத் தட்டில் இருந்தது வள்ளலார் இராமலிங்க சுவாமிகளின் அருட்பா. இந்தச் சொற்பொழிவு அவரைப் பற்றியது.

தாயி 1872இல் பிறந்தவர். இயற்பெயர் பழனிக்குஞ்சரம். தேவதாசி மரபில் வந்த குடும்பம். ஆட்டமும் பாட்டும் வீட்டிலேயே இருந்தன. சின்ன வயதிலேயே சதிர் கற்று மேடையேறினார். பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஒரு கட்டத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு வாய்ப்பாட்டிலேயே நின்றுவிட்டார். 1917இல் காலமானபோது வயது 45.

அவர் ஆட்டத்தை விட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1890களில் சென்னை மாகாணத்தில் சதிருக்கு எதிரான இயக்கம் சூடு பிடித்திருந்தது. ஆட்டத்தோடு நடக்கும் விருந்துகளுக்குப் போகாதீர்கள் என்று வைசிராய்க்கும் ஆளுநருக்கும் 1893இல் விண்ணப்பம் போனது. அப்போது தாயிக்கு 21 வயது. மரபாக வந்த தொழில் கண்ணெதிரே கெட்ட பெயர் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தத் தலைமுறையில் பலர் ஆட்டத்திலிருந்து பாட்டுக்கும் வீணைக்கும் நகர்ந்தார்கள். வீணை தனம்மாளும் பெங்களூர் நாகரத்தினம்மாளும் அதே கால்நூற்றாண்டின் பெண்கள்தான்.

இந்தப் பெண்களுக்கு எதிர்பாராத ஒரு வாசலைத் திறந்துவிட்டது கிராமபோன். 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கினார். பாடகி கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகில் பதிந்த மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! அதற்காக ஏற்பட்ட பழக்கம் அது. கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது 1908இல்தான். அதுவரைக்கும் தென்னாட்டுக் குரல்கள்கூட ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய், தட்டாகித் திரும்பி வந்தன. பிரான்சின் பதே கம்பெனியும் இந்தியச் சந்தைக்கு வந்தது. அந்தக் கம்பெனித் தட்டில் ஊசியை நடுவில் வைத்தால் பாட்டு விளிம்பை நோக்கி ஓடும்.

ஆண் வித்வான்களில் பலர் ஆரம்பத்தில் தயங்கினார்கள். குழாய்க்குள் பாடினால் குரல் போய்விடும் என்று ஒரு பேச்சு இருந்தது. காப்பி கிளப்பிலும் சலூனிலும் கண்டவர்கள் கேட்கும்படி பாடுவதா என்ற கௌரவப் பிரச்சினையும் இருந்தது. ஊரார் முன்னால் ஆடியும் பாடியும் பழகிய குடும்பத்துப் பெண்களுக்கு அந்தத் தயக்கம் குறைவு. ஆகவே தென்னிந்தியாவின் முதல் பிளேட்டுகளைப் புரட்டினால் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனக்கோடி, கோயம்புத்தூர் தாயி என்று ஊர்ப் பெயர் முன்னால் ஒட்டிய பெண்கள்தான் நிற்கிறார்கள். கர்நாடக சங்கீதம் ஒலிப்பதிவுக்குள் காலடி வைத்தது இவர்களுடைய தைரியத்தில்தான். சங்கீத வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போவது நியாயமில்லை.

அந்தக் காலப் பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் தாயியின் திறமையின் அளவு புரியும். மைக் கிடையாது, மின்சாரப் பதிவு வந்ததே 1925இல். வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் பெரிய கூம்புக் குழாய் ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் முகத்தை அதற்குள் விட்டுப் பாடவேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கம்பெனி ஆள் அவரைப் பின்னால் இழுப்பார். கீழே இறங்கும்போது முன்னால் தள்ளுவார். வாத்தியக்காரர்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பத்து அங்குலத் தட்டுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பாடிப் பழகியவர், அதன் உயிரை மூன்று நிமிடத்தில் காட்டிவிட்டு நிற்க வேண்டும். பிசகினால் மெழுகு வீண்.

தாயியின் தட்டு ஒன்றைச் சுழலவிட்டுப் பாருங்கள். ஊசி இறங்கியதும் சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பிடில் இழை மெல்ல எழும். அடுத்த நொடியில் குரல் வந்துவிடும். உயர்ந்த சுருதி, ஒளி பொருந்திய குரல். நெல்லைச் சுளகில் வீசிப் பிடிப்பதுபோல பிருகாக்கள் மேலே போய் ஒன்றுகூடச் சிதறாமல் கீழே வந்து சேரும். மிருதங்கம் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல மங்கிக் கேட்கும். தோல் வாத்தியத்தின் அதிர்வைப் பிடிக்கும் சக்தி அந்தக் குழாய்க்கு இல்லை. இந்த மங்கிய தட்டொலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இது திரும்ப வரும்.

1912இல் இந்தியா வந்த பிரெஞ்சுக்காரர் மொரீஸ் தெலாஜ். பிறப்பு 1879, பாரிஸ். பூட் பாலிஷ் தொழில் செய்த பணக்காரக் குடும்பம். தந்தையின் தொழில் வேலையாகப் பெற்றோருடன் வந்தார். இசைக்குக் காலம் கடந்து வந்தவர்; இசையமைப்பாளர் மொரீஸ் ரவேலின் மாணவர், நெருங்கிய நண்பர். அந்தக் காலத்து ஐரோப்பிய இசைக்காரர்கள் கிழக்கு நாட்டைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் கற்பனையில் ஒரு கிழக்கைச் செய்துகொள்வார்கள். இரண்டு மணியோசை, ஒரு குழலோசை, பாம்பாட்டி, அவ்வளவுதான். தெலாஜ் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் பாட்டைக் கேட்டார். ஊர் திரும்பும்போது கிராமபோன் தட்டுகளையும் கொண்டுபோனார். அவற்றில் வடநாட்டு சிதார், சுர்பகார் மேதை இம்தாத் கானுடைய தட்டும் கோயம்புத்தூர் தாயியின் தட்டும் இருந்தன.

கச்சேரி ஒருமுறை நடந்து முடிந்தால் கேட்டவனுக்கு மனத்தில் நின்றதுதான் மிச்சம். தட்டில் அப்படியில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி வைக்கலாம். அதே கமகத்தை நூறுமுறை கேட்கலாம். தாயியின் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்கும் வாய்ப்பு தெலாஜுக்கு இல்லை. ஆனால் எந்தச் சீடனுக்கும் கிடைக்காத பொறுமையுள்ள ஒரு குரு அவருக்குக் கிடைத்தார்.

தெலாஜின் பெயரை நிலைநாட்டிய படைப்பு 'நான்கு இந்தியக் கவிதைகள்'. மதராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்று நான்கு ஊர்ப் பெயர்களில் நான்கு பாட்டுகள். 1914 ஜனவரி 14 அன்று பாரிசில் அரங்கேறியது. அதே மாலையில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியக் கவிதைப் பாடல்களும் ரவேலின் மலார்மே பாடல்களும் முதன்முறையாக ஒலித்தன. அவ்வளவு பெரியவர்களுக்கு நடுவில் தெலாஜின் பாட்டு எடுபட்டது. 'லாகூர்' பாட்டில் செல்லோ வாசிப்பவர் ஒரே விரலைத் தந்தியில் நழுவவிட்டு வாசிப்பார். அது இம்தாத் கானின் தட்டிலிருந்து நேரே எடுத்த 'மீண்ட்' என்னும் இழைவு.

தமிழர்களுக்கு இன்னும் முக்கியமானது அதற்கு அடுத்த படைப்பு. பெயர் 'ராகமாலிகா'. தலைப்புக்குக் கீழே அவர் கொடுத்த விளக்கம், 'தமிழ்ப் பாட்டு' என்று பொருள்படும் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள். இசையை ஆராய்ந்தவர்கள், முக்கியமாக அமெரிக்க இசையறிஞர் ஜான் பாஸ்லர், தாயி பாடிய அருட்பாத் தட்டின் கிட்டத்தட்ட அப்படியே ஒரு பெயர்ப்பு அது என்று காட்டியிருக்கிறார்கள். தாயி ஒரு பகுதியை ஒரு ராகத்தில் பாடி அடுத்த ராகத்துக்குப் போனால், பியானோவும் தன் சுர அமைப்பை மாற்றிக்கொண்டு பின்னாலேயே போகிறது.

அதில் ஒரு சின்ன வேலைப்பாடு உண்டு. பியானோவின் கீழ்ஸ்தாயியில் ஒரே ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொல்கிறார் தெலாஜ். அந்தக் கட்டையை அழுத்தினால் நாதம் நீளாது. 'தொம்' என்று ஒரு மொட்டை அடி மட்டும் விழும். மிருதங்கத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று எழுதுவார்கள். நேரில் கேட்கும் மிருதங்கம் அப்படி ஒலிக்காது. இடப்பக்கத் தொப்பியில் கும்கி விழுந்தால் அறையே அதிரும். அட்டைத் துண்டால் மங்கிய அந்தத் தந்தி, தாயியின் பிளேட்டில் பதிவான மிருதங்கத்தைப் போலத்தான் ஒலிக்கிறது. தெலாஜ் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருக்கிறார், தட்டின் குறையையும் சேர்த்து. பியானோத் தந்திகளில் திருகாணியும் ரப்பரும் செருகி அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் புகழ்பெற்றது இதற்குக் கால்நூற்றாண்டுக்குப் பிறகு. உலக இசை வரலாற்றில் பியானோவை இப்படி மாற்றியமைத்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று, சென்னையில் பாடிய ஒரு பெண்ணின் பிளேட்டைக் கேட்டுப் பிறந்தது.

பாரிசில் கேட்டவர்களுக்கு அது தொன்மையான கீழ்த்திசைப் பாட்டாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது அன்றைக்குப் புத்தம்புதிய பாட்டு. திருவருட்பா முதன்முதலாக அச்சேறியது 1867இல். வடலூரில் சத்திய ஞான சபை நிறுவப்பட்டது 1872இல். தாயி பிறந்த அதே ஆண்டு. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் சித்தியடைந்த 1874இல் தாயி இரண்டு வயதுக் குழந்தை. தாயி அருட்பா பாடியது, நம் காலத்தில் ஒருவர் நாற்பது ஆண்டுக்கு முந்தைய கவிஞரைப் பாடுவது போலத்தான்.

இந்த ஊருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பாடல்களை அச்சிட வள்ளலார் எளிதில் இசையவில்லை. கெஞ்சியும் மன்றாடியும் அனுமதி பெற்ற அன்பர்களில் ஒருவர் புதுவை வேலு முதலியார். இறுக்கம் இரத்தின முதலியாரோடும் சிவானந்தபுரம் செல்வராய முதலியாரோடும் சேர்ந்து அவர் பட்ட பாட்டால்தான் அந்த நூல் வெளிவந்தது. வந்த பிறகும் சிக்கல் விடவில்லை. அருட்பாவா, மருட்பாவா என்ற சண்டை மூண்டு, ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அந்தச் சர்ச்சையின் சூடு தாயி பாடிய காலத்திலும் முழுக்கத் தணிந்துவிடவில்லை. கோயிலில் இடம்பெறலாமா என்று பண்டிதர்கள் வாதாடிக்கொண்டிருந்த பாட்டை, கோயில் மரபில் வந்த ஒரு பெண் ராகமாலிகையாக்கிப் பிளேட்டில் கொடுத்தார். பிளேட்டு வாங்கியவர்கள் அந்த வாதத்தைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் முடித்துக்கொண்டார்கள்.

1912 என்ற ஆண்டுக்குப் புதுவையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் குடியிருந்த பாரதியார் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகத்தை வெளியிட்ட ஆண்டு அது. சங்கீதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், எங்கே போனாலும் அதே சில கீர்த்தனங்களைப் பொருள் தெரியாமல் பாடுகிறார்களே என்று மனம் நொந்திருக்கிறார். ஜனங்களுக்குப் புரியும் தமிழில் புதிய பாட்டு வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதே வேளையில் சென்னையில் ஒரு பெண் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார். அந்தக் குரலைப் பாரிஸ்காரர் ஒருவர் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் தாயியின் தலைமுறை எவ்வளவு முன்னால் நின்றது என்பது விளங்கும். அங்கே கறுப்பினப் பெண் ஒருவர் புளூஸ் பாடிய முதல் தட்டு பதிவானது 1920 ஆகஸ்டில். பாடியவர் மேமி ஸ்மித். வாங்க ஆளிருக்காது என்று கம்பெனிகள் அதுவரை ஒதுக்கிவைத்திருந்தன. தட்டு வெளிவந்ததும் விற்றுத் தீர்ந்தது. அடுத்து 1923இல் பெஸ்ஸி ஸ்மித் வந்தார். மேமி ஸ்மித் குழாய்முன் நிற்பதற்கு மூன்று ஆண்டு முன்பே தாயி தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். அடிமைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களும் இரண்டு கண்டங்களிலும் ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வருமானத்தைக் கொண்டுவந்தார்கள்.

பெயர் விஷயத்திலும் ஒற்றுமை இருக்கிறது. 1937இல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறையில் 1970 வரை பெயர்க்கல் இல்லை. பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், பெஸ்ஸியிடம் சிறுமியாக இருந்தபோது பழகிய ஒரு பெண்மணியும் பணம் போட்டு வைத்தார்கள். வேறு சிலருடைய குரல் எதிர்பாராத இடத்துக்குப் போனது. கண் தெரியாத புளூஸ், நற்செய்திப் பாடகர் வில்லி ஜான்சன் 1927இல் டல்லாசில் பாடிய ஒரு பாட்டு 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத்தட்டில் ஏறியது. அதே தட்டில் இந்தியாவிலிருந்து போன ஒரே பாட்டைப் பாடியவர் கேசர்பாய் கேர்க்கர். போர்த்துகீசிய கோவாவில், தாயியைப் போலவே இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட மரபில் பிறந்தவர். சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் அந்தத் தட்டில் இருவரும் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள்.

தாயிக்கு என்ன கிடைத்தது? ஐரோப்பிய மேடையில் 'ராகமாலிகா' பாடப்படும்போது தெலாஜின் பெயரில்தான் அறிவிக்கப்படுகிறது. தெலாஜ் திருடியவர் என்று சொல்வது தவறு. தமிழ்ப் பாட்டு என்று தலைப்புக்குக் கீழேயே எழுதியவர்; காதில் கேட்டதற்கு அவ்வளவு மரியாதை கொடுத்த ஐரோப்பியர் அன்றைக்கு மிகக் குறைவு. மறந்தவர்கள் நாம்தான். கே.பி. சுந்தராம்பாளைத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. காரைக்கால் அம்மையாராக 1973இல் அவர் திரையில் பாடியது நம் யூனியன் பிரதேசத்தின் சொந்தக் கதை. சுந்தராம்பாள் பிறந்தது 1908இல்; கோயம்புத்தூர் தாயி அவருக்கு முந்தைய தலைமுறை. சுந்தராம்பாளுக்கு வழி போட்டவர் பெயர் பாடப்புத்தகத்தில் கிடையாது.

தாயியின் பாட்டுகள் அழிந்துவிடவில்லை என்பது ஒரு பெரிய ஆறுதல். பிளேட்டு சேகரிப்பவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் எண்ம வடிவில் மாற்றியும் தந்திருக்கிறார்கள். புதுவையின் பழைய வீடுகளில், பரணில், துருப்பிடித்த டிரங்குப் பெட்டிகளில் இன்னும் தட்டுகள் இருக்கும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பித்தளைச் சாமான்களுக்கு நடுவே அவை தலைகாட்டுவதும் உண்டு. கிடைத்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள்; கீழே விழுந்தால் அப்பளம்போல நொறுங்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு சாராயத்தில் கரையும், பாட்டும் கூடவே கரைந்துபோகும். இன்றைய ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய ஊசியை அதன்மேல் வைக்காதீர்கள். 78 சுற்றுத் தட்டுக்கு அகலமான ஊசி வேண்டும். தெரியாவிட்டால் ஒன்றும் செய்யாமல், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இந்த ஊரிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கே இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. பிரெஞ்சும் தமிழும் ஒரே நாக்கில் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. 'ராகமாலிகா'வை மேற்கத்திய முறையில் பாடக்கூடியவர்களும், அருட்பாவை ஓதக்கூடிய சன்மார்க்க சங்கத்தாரும் ஒரே ஊரில் கிடைப்பது உலகத்தில் புதுச்சேரியில்தான் சாத்தியம். ஒரு மாலையில் இரண்டையும் சேர்த்து வையுங்கள். முதலில் தாயியின் தட்டு, இரைச்சலோடு. பிறகு தெலாஜின் பாட்டு, அட்டை செருகிய பியானோவோடு. அழைப்பிதழில் முதல் வரியாக அவர் பெயரைப் போடுங்கள்: கோயம்புத்தூர் தாயி.